கண் டெஸ்டுக்கு ஒரு மனப்பாடம்

போன மாதம் உங்களில் ஒருவன் ஹப்சிகுடாவில் என் வீட்டுக்கு வந்தான். பன்னிரண்டாவது முடித்து, கப்பல் பயிற்சிக்குத் தேர்வாகி, மெடிக்கலுக்குக் காத்திருப்பவன். நல்ல பையன்தான். என் மனைவி காபி கொடுத்தாள். அரை மணி நேரம் கப்பலைப் பற்றிக் கேட்டான், நானும் சந்தோஷமாகச் சொன்னேன். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "சார், கலர் டெஸ்டுக்கு ஏதாவது மெட்டீரியல் இருக்கா சார்? என் ஃப்ரெண்டுக்குத்தான். அவனுக்குக் கொஞ்சம் டவுட்டா இருக்காம்" என்றான்.

நான் கத்தின கத்தலில் எதிர் ஃப்ளாட்காரர்கள் கதவைத் திறந்து பார்த்தார்கள். பையன் லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் படியில் இறங்கி ஓடினான். உங்கள் வாட்ஸப் குழுவில், "கேப்டனுக்கு வயசாயிடுச்சு, கிட்டப் போகாதீங்க" என்று எழுதியிருக்கிறானாம். எனக்கு வயதாகிவிட்டது உண்மைதான். ஆனால் அந்தக் கோபத்துக்கு என் வயது காரணமில்லை. அது எழுபதுகளின் நடுவிலிருந்து எனக்குள் கிடக்கிறது. கப்பல் வேலைக்குப் புதிதாக வருகிற நீங்கள் எல்லோரும் அதன் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது.

நான் வளர்ந்தது மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில். அப்பா ரயில்வேயில் கிளார்க், சொந்த ஊர் திருச்சிப் பக்கம். அடுத்த சந்தில் கோமதிநாயகம் என்று ஒருவன். நாங்கள் நாயகம் என்போம். அவன் அப்பா திருநெல்வேலிக்காரர், மத்திய அரசுத் தொழிற்சாலை ஒன்றில் மெஷினிஸ்ட். நாயகமும் நானும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, சண்டைக்கு ஹிந்தி என்று வளர்ந்தோம். அவன் கணக்கில் புலி. நான் அவன் நோட்டைப் பார்த்து எழுதித் தேறியவன்.

இன்டர், இன்றைய பன்னிரண்டாவது, முடிக்கும் வருஷம் எனக்குக் கப்பல் பைத்தியம் பிடித்தது. கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாத ஊரில் இருந்துகொண்டு எனக்கு ஏன் அந்த ஆசை வந்தது என்று இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. யாரைக் கேட்டாலும் பதில் இல்லை. எம்ப்ளாய்மென்ட் ஆபீசில் கேட்டேன், "நேவியா? அது மிலிட்டரி, பக்கத்து கவுன்ட்டர்" என்றார்கள். வணிகக் கப்பல் வேறு, கடற்படை வேறு என்று அவர்களுக்கு விளக்கி முடிப்பதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. பம்பாய்க் கம்பெனிகளுக்குப் போஸ்ட் கார்டு எழுதிப் போட்டேன். பத்து எழுதினால் ஒன்றுக்குப் பதில் வரும். அப்படி வந்த ஒரு பதிலில்தான் பரீட்சை, நேர்முகம், மெடிக்கல் என்று முழு விவரமும் இருந்தது.

என் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "மாசம் பொறந்தா சம்பளம், குவார்ட்டர்ஸ், பாஸ், பென்ஷன். இத்தனையையும் விட்டுட்டு உப்புத் தண்ணியில போய் என்னத்தைத் தேடப்போறே?" என்றார். நான் இரண்டு நாள் சாப்பிடாமல் படுத்துக்கொண்டதும் ஒரு நிபந்தனை போட்டார். "நாயகமும் வந்தான்னா போ. அவன் பொறுப்பான பையன். தனியா உன்னை அனுப்ப மாட்டேன்."

நாயகத்துக்குக் கப்பல் ஆசை கிடையாது. அவனுக்கு இடம் தயாராக இருந்தது. அவன் அப்பாவின் தொழிற்சாலையில் ஊழியர்களின் பிள்ளைகளை அப்ரென்டிஸாக எடுத்துக்கொண்டிருந்த காலம். நான்தான் ஒரு மாதம் அவனை நச்சரித்தேன். நியூயார்க் என்றேன், யோகோஹாமா என்றேன், வெள்ளை யூனிஃபார்ம் என்றேன். கடைசியில் பிடிவாதம் தாங்காமல், "ஹவ் ரா, சரி, வர்றேன். நீ வாயை மூடு" என்றான். அவன் அப்பா வாசலில் நின்று, "ஏல, கப்பல்ல போயி என்னத்தல அள்ளப் போற? கம்பெனியில பிள்ளைகளை எடுக்காவ. இப்ப விட்டா வயசு போயிரும், அப்புறம் நான் தலைகீழா நின்னாலும் கிடைக்காது" என்று கத்தியது எனக்கு இன்னும் கேட்கிறது. அவர் சொன்னது ஒவ்வொன்றும் சரி.

மெடிக்கலில் கண்ணையும் சோதிப்பார்கள் என்பதால் முன்னாலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று போனோம். மெட்டுகுடா மெயின் ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கடைக்காரர், வயதான முஸ்லிம் பெரியவர், முதலில் கடையிலேயே சோதித்துச் சொல்வார். எழுத்துகள் படித்தோம், இருவருக்கும் கண் பளிச். பிறகு ஒரு புத்தகத்தை எடுத்தார். நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள், பக்கம் முழுக்க வண்ணப் புள்ளிகள், புள்ளிகளுக்குள் ஒரு எண் ஒளிந்திருக்கும். நான் கடகடவென்று படித்தேன். நாயகம் முதல் பக்கத்தில் பன்னிரண்டு என்றான். அடுத்ததில் எட்டுக்குப் பதிலாக மூன்று என்றான். அதற்கடுத்ததில் ஒன்றுமே இல்லையே என்று என்னைப் பார்த்தான். பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "இஸ்கு கலர் நை திக்ரா மியா. ஜஹாஜ் நக்கோ" என்றார். இவனுக்குச் சிவப்பு பச்சை பிரித்துத் தெரியவில்லை, கப்பல் வேண்டாம் என்று நேராகச் சொல்லிவிட்டார்.

நாயகத்துக்குப் பெரிய வருத்தமில்லை. "சரி ரா, நான் அப்பா கம்பெனிக்குப் போறேன்" என்றான். வருத்தமெல்லாம் எனக்கு. அவன் போகாவிட்டால் என் அப்பா என்னை அனுப்ப மாட்டார்.

அப்போது என் மூளை வேலை செய்த விதத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். ஒரு புத்தகம் இருக்கிறது. அதில் குறிப்பிட்ட பக்கங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரே ஒரு விடைதான். அப்படியென்றால் இது ஒரு பாடம், மனப்பாடம் செய்தால் தீர்ந்தது. பூகோளத்தையும் சம்ஸ்கிருதத்தையும் கெமிஸ்ட்ரியையும் அப்படித்தானே தேறினோம்? எங்கள் காலனியில் எதையும் புரிந்துகொண்டு படித்தவன் குறைவு. கண்ணைச் சோதிக்கிற டெஸ்டையும் கேள்வித்தாளாகப் பார்த்த கூட்டம் நாங்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் கன்னத்தில் நானே போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

பெரியவரிடம், எனக்குக் கொஞ்சம் சந்தேகம், வீட்டில் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று பொய் சொல்லி ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் புத்தகத்தை வாங்கி வந்தேன். மூன்று ஞாயிறு. குவார்ட்டர்ஸ் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் உட்கார்ந்து, ஒவ்வொரு பக்கத்திலும் எண் எங்கே ஓடுகிறது என்று என் விரலால் வரைந்து காட்டினேன். டாக்டர் பக்கங்களை மாற்றிக் கேட்டால் என்ன செய்வது? அதற்கும் வழி கண்டுபிடித்தோம். இந்தப் பக்கத்தின் மூலையில் ஒரு பெரிய புள்ளியோடு சின்னப் புள்ளி ஒட்டிக்கொண்டிருக்கும், அது எழுபத்திநாலு. இதில் மேலே மூன்று புள்ளிகள் அடுப்புக்கல் மாதிரி இருக்கும், அது ஆறு. அவனுடைய ஞாபகசக்தி அப்படிப்பட்டது. மூன்றாவது ஞாயிறு நான் தலைகீழாகக் காட்டினாலும் சரியாகச் சொன்னான்.

பம்பாயில் மெடிக்கல். டாக்டர் நடுவிலிருந்து பக்கங்களைத் திருப்பினார். என்னைவிட நாயகம் வேகமாகச் சொன்னான். "நல்ல கண்" என்று அவர் அவன் முதுகில் தட்டினார். அன்று சாயங்காலம் நான் அவனுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன், பெரிய சாதனை செய்துவிட்டவன் போல. அப்ரென்டிஸ் இடம் வேறு ஒருவருடைய பிள்ளைக்குப் போனது.

பயிற்சி முடிந்து இருவரும் கெஞ்சிக் கூத்தாடி ஒரே சரக்குக் கப்பலில் கேடட்களாகச் சேர்ந்தோம். கெஞ்சியது ஏன் என்று உங்களுக்குப் புரியும். அவனுக்குக் கண்ணாக நான் இருப்பேன் என்பது எங்கள் ஒப்பந்தம். கொடிகளை அவன் கோடுகளையும் வடிவங்களையும் வைத்துச் சொல்லிவிடுவான். மிதவைகளையும் அப்படியே. விளக்குகள் மட்டும்தான் தொல்லை. அவற்றை நான் முந்திக்கொண்டு சொல்வேன், அவன் பின்னால் சொல்வான். எட்டு மாதம் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. நாங்கள் புத்திசாலிகள் என்று எங்களுக்கே நம்பிக்கை வந்துவிட்டது. ஆபீசர் தேர்வில் இருட்டறையில் விளக்கு காட்டிச் சோதிப்பார்களே, அதற்கு என்ன செய்வது என்று அவன் கேட்டபோதெல்லாம், "அதுக்கும் ஏதாவது வழி இருக்கும்டா" என்றேன். எனக்கு அப்போது வயது இருபது. என் காரியம் ஆகிவிட்டது, நான் கடலில் இருந்தேன். அவன் அடுத்து என்ன ஆவான் என்று நான் உட்கார்ந்து யோசித்ததே இல்லை.

அந்தக் கப்பலில் சமையல்காரர் அப்பாஸ் சாச்சா, ரத்னகிரிக்காரர். நாங்கள் வாயால் சொன்னதை வைத்தே எங்களுக்கு ரசம் வைக்கக் கற்றுக்கொண்டவர். அது ரசம் மாதிரியே இருக்காது, ஆனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வைப்பார், நாங்களும் குடிப்போம். அவருக்கு ஊரில் நான்கு பெண்கள்.

இனி அந்தச் சாயங்காலம். மேற்குக் கரையை ஒட்டி வந்துகொண்டிருந்தோம். சூரியன் மறைந்து, அடிவானமும் தெரிந்து நட்சத்திரமும் தெரியும் கொஞ்ச நேரம் உண்டே, அப்போதுதான் சீஃப் ஆபீசர் செக்ஸ்டன்ட் என்ற கருவியை வைத்து நட்சத்திரங்களின் உயரத்தை அளப்பார். அந்தக் காலத்தில் கப்பல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க அதுதான் வழி. அவர் கப்பலை ஓட்டும் மேல்தட்டான பிரிட்ஜின் இடப்பக்க மூலையில் நின்று அளப்பார். நான் உள்ளே, கடல் வரைபடங்கள் இருக்கும் சார்ட் ரூமில், கடிகாரத்தின் முன்னால். அவர் "ஸ்டாப்!" என்று கத்தினதும் நான் மணி, நிமிஷம், விநாடி எழுதிக்கொள்ள வேண்டும். வெளியே பார்த்துக்கொள்ளும் காவல் நாயகத்துக்கு. அன்று அவன் தனியாக இருந்தான், ஏனென்றால் வழக்கமாகக் கடிகாரம் பார்க்கும் மூன்றாவது ஆபீசருக்குக் காய்ச்சல், அவர் இடத்தில் நான்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் இதை உங்கள் அம்மாவும் படிப்பாள் என்பதற்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு கப்பலுக்கும் இடது பக்கம் சிவப்பு விளக்கு, வலது பக்கம் பச்சை. நமக்கு வலப்பக்கம் ஒரு கப்பல் பச்சை காட்டினால், அதன் பாதை நம் பாதையை விட்டு விலகுகிறது. சிவப்பு காட்டினால் அது நம் குறுக்கே வருகிறது, வழிவிட வேண்டியவர்கள் நாம்.

"வலப்பக்கம் ஒரு விளக்கு சார்" என்று நாயகத்தின் குரல் கேட்டது.

"என்ன நிறம்?"

கொஞ்சம் தாமதம். "பச்சை சார்."

"நிச்சயமா?"

"பச்சைதான் சார்."

சீஃப் ஆபீசர் அடுத்த நட்சத்திரத்துக்குத் திரும்பினார். நான் எட்டிப் பார்த்தேன். சிவப்பு. எந்தச் சந்தேகமும் இல்லாத, நல்ல பழுத்த சிவப்பு. சின்னக் கப்பல், தூரத்தில் ஒரு கரும்புள்ளி, முகம் எது வால் எது என்று தெரியாத நேரம்.

அப்போதே கத்தியிருக்க வேண்டும். நான் கத்தவில்லை. கத்தினால் இவன் சிவப்பைப் பச்சை என்றது வெளியே வரும், ஏன் என்று கேட்பார்கள், ஒன்றிலிருந்து ஒன்று வந்து கடைசியில் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் உட்கார்ந்திருந்த நான் மாட்டுவேன். இத்தனையும் அந்த ஒரு நொடியில் யோசித்தேன், பாருங்கள். மூளை அவ்வளவு வேகமாக வேலை செய்தது. நாயகத்தின் பக்கத்தில் போய் மெல்ல, "டேய், அது சிவப்புடா. நீயே மாத்திச் சொல்லு" என்றேன்.

"நக்கோ ரா சேகர், குழப்பாதே. சிவப்புன்னா எனக்கு இன்னும் மங்கலா இருக்கும். இது பச்சைதான்."

"நான் பார்க்கிறேன்ல? சொல்லித் தொலை!"

"ரெண்டு தடவை பச்சைன்னு சொல்லிட்டேன் ரா. இப்ப எப்படி மாத்தறது?"

"ஸ்டாப்!" என்று இடப்பக்கத்திலிருந்து குரல். நான் உள்ளே ஓடி நேரத்தை எழுதினேன். வெளியே வந்தேன், சிவப்பு பெரிதாகியிருந்தது. அவன் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. "ஸ்டாப்!" மறுபடி ஓடினேன். மறுபடி எழுதினேன். மூன்று நட்சத்திரங்கள் முடிகிறவரை நான் சும்மா இருந்தேன். எவ்வளவு நேரம் சும்மா இருந்தேன் என்பது விநாடிக் கணக்கில் என் கையெழுத்திலேயே அந்த நோட்டில் பதிவாகியிருந்தது. மூன்றாவதை எழுதிவிட்டு வெளியே வந்தபோது அந்தக் கப்பலின் உடம்பே தெரிந்தது.

"சார்! சிவப்பு! வலப்பக்கம் சிவப்பு!"

சீஃப் ஆபீசர் ஓடி வந்தார், ஒரு பார்வை பார்த்தார், சுக்கானை முழுக்க வலப்பக்கம் திருப்பச் சொல்லிக் கத்தினார். முழு வேகத்தில் போகிற கப்பலை அப்படித் திருப்பினால் அது சாயும். சாய்ந்தது. சார்ட் ரூமில் இருந்த பென்சில், ஸ்கேல், கப் எல்லாம் தரையில். அந்தச் சின்னக் கப்பலின் பின்புறத்தை நாங்கள் கடந்தபோது, அங்கே கயிற்றில் காய்ந்துகொண்டிருந்த ஒரு சட்டையும் இரண்டு லுங்கிகளும் எனக்குத் தெரிந்தன. அவ்வளவு கிட்டே. அதில் யாரோ கையை ஆட்டித் திட்டிக்கொண்டிருந்தான்.

மோதவில்லை. தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன். கீழேயிருந்து அலறல் வந்தது அதற்குப் பிறகு.

கப்பல் அடுப்பைச் சுற்றிப் பாத்திரம் சரியாமல் இருக்க இரும்புக் கம்பி கட்டியிருப்பார்கள். ஆனால் அந்த நேரத்தில் பருப்புப் பாத்திரம் அடுப்பில் இல்லை, அப்பாஸ் சாச்சாவின் கையில் இருந்தது. முப்பது பேருக்குக் கொதித்த பருப்பு. வலது கை முழுவதும், கழுத்து, மார்பில் பாதி. அடுத்த துறைமுகத்தில் அவரை ஸ்ட்ரெச்சரில் இறக்கினோம். பிழைத்தார். ஆனால் அந்தக் கை விரல்கள் அதற்கப்புறம் மடங்கவில்லை. மடங்காத விரலை வைத்துக்கொண்டு எந்தக் கப்பலில் சமைப்பது? நாயகம் அவருக்கு வருஷாவருஷம் கடிதம் எழுதினான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். நான் ஒரு வரி எழுதவில்லை.

மறுநாள் காலை கேப்டன் எங்கள் மூவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். எனக்கு அவரிடம் மரியாதை அதிகம், அதே அளவு கோபமும் உண்டு. கப்பலின் தினப்பதிவான லாக் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் மெதுவாகப் பேசினார். "மூன்று பேருமே நல்லவர்கள். யாருடைய வாழ்க்கையும் கெட வேண்டாம் என்று பார்க்கிறேன். அந்த நேரத்தில் அடிவானத்தில் கொஞ்சம் மங்கல் இருந்திருக்கலாம், இல்லையா?"

சீஃப் ஆபீசர் உடனே இருந்தது என்றார். விளக்கின் நிறத்தைக் கேட்டுவிட்டு, தான் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காததற்கு அவருக்கும் ஒரு மங்கல் தேவைப்பட்டது. முழுப் பூசணிக்காயை கேப்டன், அவர், நான் என்று மூன்று பேருமாகச் சேர்ந்து சோற்றில் மறைக்கத் தயாராகிவிட்டோம். நானும் இருந்தது சார் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"மங்கல் இல்லை சார்" என்றான் நாயகம். "எனக்குச் சிவப்பு பச்சை தெரியாது. பிறந்ததிலிருந்தே தெரியாது."

கேப்டன் பேனாவை வைத்துவிட்டார். "பிறகு எப்படி மெடிக்கல் தேறினாய்?"

"புத்தகத்தை மனப்பாடம் செய்தேன் சார்."

"உனக்குத்தான் எண்களே தெரியாதே. தெரிகிற கண் உள்ளவன் யாராவது சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். யார்?"

நாயகம் என் பக்கம் திரும்பவே இல்லை. "ஊரில் ஒருத்தர் சார். பெயர் ஞாபகம் இல்லை" என்றான்.

கேப்டன் என்னைப் பார்த்தார். இருவரும் ஒரே ஊர், அடுத்தடுத்த சந்து, ஒரே பள்ளிக்கூடம் என்பது அவருக்குத் தெரியும். ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். நான் சுவரில் மாட்டியிருந்த பாரோமீட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கேட்கவில்லை. இரண்டு கேடட்களை இழப்பதைவிட ஒருவனை இழப்பது மேல் என்று கணக்குப் போட்டிருப்பார். அந்தக் கணக்கைத் தவறு என்று சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை, ஆனாலும் சொல்கிறேன், தவறு. அன்றைக்கே என்னையும் இறக்கியிருக்க வேண்டும்.

நாயகத்தை இறக்கி வீட்டுக்கு அனுப்பினார்கள். பொய் சொல்லிச் சேர்ந்தவன் என்று அவன் கோப்பில் எழுதினார்கள். எனக்கு என்ன கிடைத்தது தெரியுமா? பாராட்டுக் கடிதம். சமயத்தில் குரல் கொடுத்துக் கப்பலைக் காப்பாற்றிய கேடட் என்று கம்பெனித் தலைமை அலுவலகத்திலிருந்து, முத்திரை போட்டு, மெட்டுகுடா விலாசத்துக்கே வந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். எங்கள் விஷயத்தில் பரிசும் சேர்ந்து வந்தது.

அதற்குப் பிறகு முப்பத்தைந்து வருஷம் கடலில் இருந்தேன், கேப்டன் ஆனேன், உங்களைப் போன்றவர்களுக்கு வகுப்பு எடுத்தேன். தைரியம், நேர்மை, பொறுப்பு என்று போர்டில் எழுதியிருக்கிறேன். சாக்பீஸைத் தூக்கி எறிந்துவிட்டு இதைச் சொல்லியிருக்க வேண்டிய நாட்கள் எத்தனையோ உண்டு. சொல்லவில்லை. அப்ரென்டிஸ் வயது தாண்டிவிட்டதால் நாயகத்துக்கு அவன் அப்பாவின் தொழிற்சாலை கிடைக்கவில்லை. நாச்சாரத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராகச் சேர்ந்தான். அது மூடியதும் இன்னொன்று, அதுவும் மூடியதும் மற்றொன்று. பென்ஷன் இல்லாமல் ஓய்வு பெற்றான். இப்போது மகள் வீட்டில் இருக்கிறான்.

உங்களுக்கு என்ன சொல்ல வேண்டும்? கண் தெரியாவிட்டால் கப்பலுக்கு வராதே, உலகத்தில் வேறு நூறு வேலை இருக்கிறது, அதில் ஒரு கேவலமும் இல்லை. அது எளிது, அதை எந்த டாக்டரும் சொல்வார். நான் சொல்ல வந்தது கண் தெரிகிறவனுக்கு. நண்பனுக்கு உதவி என்று நீ கொடுக்கிற அந்த மெட்டீரியல் யாருக்காக என்று உன்னையே ஒரு தடவை கேட்டுப் பார். நான் நாயகத்துக்காக அதைச் செய்யவில்லை. எனக்காகச் செய்தேன். அவன் விழுந்தபோது எட்ட நின்று பாரோமீட்டரைப் பார்த்தேன்.

இதை எழுதுவதற்கு முன் நாயகத்துக்குப் போன் செய்தேன். நாங்கள் பேசாமல் இல்லை. கல்யாணம் காரியங்களில் பார்த்துக்கொள்வோம், வெயிலைப் பற்றியும் முட்டிவலியைப் பற்றியும் பேசுவோம். எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுது. எதுக்கு ரா பயப்படறே? எங்க அப்பாவும் போயிட்டார், சாச்சாவும் போயிட்டார்" என்றான். பிறகு சொன்னான், "ஆனா அன்னைக்கு உங்க வீட்டுல எங்க அப்பாகிட்ட ஒண்ணு சொன்னியே, அதையும் எழுது. அதை விட்டுட்டு மத்ததை எழுதறதுன்னா, எழுதவே வேணாம்."

நான் அதை விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். அவனுக்கு அது ஞாபகம் இருக்கும் என்று நினைக்கவில்லை.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு முதல் லீவில் வீட்டுக்கு வந்திருந்தேன். என் அப்பா அந்தப் பாராட்டுக் கடிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தார். நாயகத்தின் அப்பா ஷிஃப்ட் முடிந்து, கையில் டிபன் கேரியரோடு, நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். பின்னால் நாயகம். அவன் உள்ளே வராமல் கதவருகே நின்றான். அவர் சட்டத்துக்குக் கிட்டே போய், ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டி, முழுக் கடிதத்தையும் படித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். அவர் கண் கலங்கியிருந்தது.

"நீ கூடவேதான இருந்தே சேகரு? சின்னதுலேருந்து ஒண்ணா வளர்ந்த பிள்ளைக. கண்ணு தெரியாதவன் இப்படிப் பொய் சொல்லிப் போகலாமான்னு இவனுக்கு ஒரு வார்த்தை நீ சொல்லியிருக்கக் கூடாதாய்யா?"

என் அப்பா, அம்மா, எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சொன்னேன் மாமா. எத்தனையோ தடவை சொன்னேன். அவன்தான் கேக்கல" என்றேன்.

அவர் டிபன் கேரியரைத் தரையில் போட்டுவிட்டு, கதவருகே போய், இருபத்தோரு வயது மகனை எங்கள் எல்லோர் முன்னாலும் கன்னத்தில் அறைந்தார். நாயகம் உருண்டு போன மூடியைத் தேடி எடுத்து, அடுக்குகளைச் சரியாக மாட்டினான். "வாங்கப்பா, வீட்டுக்குப் போலாம்" என்று அவர் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனான்.